மவுண்ட் ரோட்டுக்குத் தடையாணை, உக்கடத்துக்கு ஜேசிபி

சென்னை மவுண்ட் ரோட்டில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் நிற்கிறது, தோழர்களே. 1897-இல் ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. வளைவும் குவிமாடமும் வேலைப்பாடும் நிறைந்த முகப்பு. பின்னாளில் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-இல் பழுதடைந்துவிட்டது, ஆபத்து என்று இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-இல் இடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நல்ல தீர்ப்பு. அந்த முகப்பு விழுந்தால் எங்களுக்கும் வருத்தம்தான்.

ஆனால் பழைய கடைவீதிக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் முன்வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். பின்னால் போய்ப் பாருங்கள். பல ஊர்களில் ஒரு ஆள் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும். எடுப்புக் கக்கூஸ் வாளியைத் தூக்குகிறவர் முதலாளி கண்ணிலும் வாடிக்கையாளர் கண்ணிலும் படக் கூடாது என்று விட்ட சந்து. முகப்பைச் செதுக்கிய அதே கட்டடக் கலைதான் இந்தச் சந்தையும் அளந்து விட்டது. இதை எந்தப் பாரம்பரியப் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள்?

அந்த வாளியைத் தூக்கியவர்களின் பிள்ளைகள் வாழ்ந்த இடம் உக்கடம் சி.எம்.சி. காலனி. அருந்ததியர் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகக் கோவையைக் கூட்டியவர்கள். மேம்பாலம் வேண்டும் என்றார்கள், காலனி போனது. 2024 ஆகஸ்டில் பாலம் திறந்தாயிற்று. அந்த வீடுகள் ஒழுகின, இல்லை என்று சொல்லவில்லை. புது வீடு கேட்டுப் போராடியவர்களும் நம் ஆட்கள்தான். ஆனால் பழுது என்ற வார்த்தை மவுண்ட் ரோட்டில் தோற்றது, நம் குடியிருப்புகளில் மட்டும் எப்போதும் ஜெயிக்கிறது. அங்கே பழுது என்றால் சீர் செய். இங்கே பழுது என்றால் காலி செய்.

"அதான் அடுக்குமாடி கொடுத்தாச்சே" என்கிறார்கள். கொடுத்தது வீடு. நாங்கள் கேட்பது வரலாற்றில் இடம். பிளேக் மாரியம்மனுக்குக் கோவையில் கோயில்கள் உண்டு. இந்த ஊரைச் சுத்தமாக வைத்து மாண்டவர்களுக்கு ஒரு கல்கூட நாங்கள் கண்டதில்லை.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறியது. மிச்சமிருக்கும் தூய்மைப் பணியாளர் லைன் வீடுகளையும் பின்சந்துகளையும் அந்த ஆணையம் பட்டியலிட வேண்டும் என்று மனு எழுதுகிறோம். மாணவத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: உங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பணியாளர் பாட்டிகளிடம் போங்கள், எந்த வருஷம் வந்தார்கள், எந்தெந்தத் தெரு, எந்தெந்தச் சந்து என்று போனில் பதிவு செய்யுங்கள். மனுவோடு அதையும் இணைக்கப் போகிறோம்.