பேரு மாறுச்சு, வாய்க்காலுக்குத் தண்ணி வந்துச்சா?



தேர்தல் நெருங்கினால் போதும், நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்கு மறுபடியும் தலைவர் பெயர் சூட்டுவோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். முன்னே சூட்டியதும், பிறகு எடுத்ததும் யாருக்காக?

1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திருநெல்வேலியைப் பிரித்தார்கள். நம்ம பக்கம் சிதம்பரனார் மாவட்டம், மிச்சம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி எங்கே இருக்கு? நம்ம ஒட்டப்பிடாரம் பக்கத்தில்! மண் இங்கே, பேர் அங்கே. சரித்திரம் பார்த்து வச்ச பேரா இது? ஆளுக்கொன்று என்று பங்கு வச்ச பேர்!

1997-ல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை தி.மு.க. அரசு வைத்தது. அவரும் நம்ம கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி. தலித் வீரன் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி வெறியர்கள் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. அரசு என்ன செஞ்சது? வெறியர்களை எதிர்த்து நிற்கத் தைரியமில்லை. எல்லா மாவட்டத்திலும், எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலும் தலைவர் பெயர்களை எடுத்துவிட்டது. பெரியார், அம்பேத்கர், காமராஜர், வ.உ.சி. எல்லாம் போச்சு! சாதி அமைதிக்காக என்றார்கள். எந்தப் பக்கத்து ஓட்டும் கைவிட்டுப் போகக் கூடாது, அதுதான் கணக்கு.

வ.உ.சி. மேல் நமக்கு மரியாதை குறைவில்லை. 1906-ல் வெள்ளைக்காரன் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். அவர் பேரை வச்சவங்க கம்பெனிகளை எதிர்த்தாங்களா? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இருந்து தொழிற்சாலைகளுக்குத் தினம் 2 கோடி காலன் தாமிரபரணித் தண்ணி எடுக்க 1970-களில் வந்ததுதான் 20 எம்.ஜி.டி. திட்டம். அப்போ நாம திருநெல்வேலி மாவட்டம். பிறகு சிதம்பரனார் மாவட்டம். பிறகு தூத்துக்குடி. போர்டு ரெண்டு தரம் மாறிச்சு, அந்தக் குழாய் மட்டும் அப்படியே கிடந்தது!

வடகால், தென்கால் ரெண்டும் சேர்ந்து 25,000 ஏக்கருக்கு மேல் பாசனம். அந்த அணைக்கட்டைத் தூர்வாரவே 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட வேண்டியதாச்சு. பேர் மாற்ற ஒரே நாளில் அரசாணை போடுகிறவர்களுக்கு மண்வெட்டி எடுக்க மட்டும் கோர்ட் சொல்லணுமாம்!

பேரைச் சொல்லிக்கொண்டு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் கேளுங்க: "கம்பெனிக்கு முந்தி வயலுக்குத் தண்ணின்னு எழுதித் தருவீங்களா, அண்ணாச்சி?"

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு, கடைமடை விவசாயிகள் முதற்கொண்டு, அடங்கலைக் கையில் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கம்