ஓய்வூதியக் கணக்கில் தூய்மைப் பணியாளர் எங்கே?

தமிழகத்தில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். அன்று தொடங்கிய ஓய்வூதிய விவாதம் இன்றும் தொடர்கிறது. கடைசிச் சம்பளத்தில் பாதியாவது உறுதியாக வேண்டும் என்ற ஊழியர்களின் கோரிக்கை நியாயமானதே. ஆனால், நிரந்தரப் பணியிடம் உள்ளவர்கள் மட்டுமே அதைக் கேட்க முடிகிறது.

நம் ஊராட்சிகளில் குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்களுக்குக் கிடைப்பது மாதம் 5,000 ரூபாய். அதற்குப் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். சம்பளமே இல்லாதவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி எப்படி வரும்? நகரங்களில் இதே வேலை ஒப்பந்ததாரர் கைக்குப் போய்விட்டது. இரண்டு இடங்களிலும் பெரும்பாலோர் தலித்துகள், குறிப்பாக அருந்ததியர்.

அரசுப் பணியிடம் என்றால் 18 சதவீத இடஒதுக்கீடும், அதில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. ஒப்பந்த வேலையில் அந்த உரிமை இல்லை. துடைப்பம் மட்டும் அதே சாதியின் கையில் இருக்கிறது.

வேலை நேரமும் அப்படித்தான். அலுவலகத்தில் இருப்பவருக்கு நெகிழ்வான நேரம் ஒரு சலுகை. இவர்களுக்கோ அது விடியுமுன் தொடங்கும் வேலை. திருவிழா என்றாலும், அமைச்சர் வருகை என்றாலும் கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும்.

சென்னையில் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை முன்பு தொழிலாளர்கள் இரவு பகலாக அமர்ந்தனர். 13-ஆம் நாள் நள்ளிரவில் கைது செய்யப்பட்டனர். அவர்கள் கேட்டது பணி நிரந்தரம்.

இந்தக் கோரிக்கைக்குச் சட்டத்திலும் வலு உண்டு. மத்திய நீர்வள ஆணைய அலுவலகத்தில் பல ஆண்டுகள் துப்புரவு வேலை செய்து நீக்கப்பட்ட ஜக்கோ உள்ளிட்டோரின் வழக்கில், 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்து நிரந்தரமாக்க உத்தரவிட்டது. தொடர்ந்து தேவைப்படும் வேலைக்குப் ‘பகுதி நேரம்’ என்று பெயர் வைத்து உரிமையை மறுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நிரந்தரம் வரும்வரை உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வருங்கால வைப்பு நிதியில் 10 ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். அதன் குறைந்தபட்ச அளவு 1,000 ரூபாய். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய கணக்கு இணைக்கப்படாவிட்டால் அந்த ஆண்டுகள் விடுபட்டுப்போகலாம். பெற்றோர் இந்த வேலையில் இருந்தால், மாணவர்கள் அவர்களது யூஏஎன் எண்ணைக் கேட்டு வாங்கி, மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று கைப்பேசியில் பாருங்கள். கட்டப்படவில்லை என்றால் வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.