அறுபதுகளின் இசை இரவு

நமது ஊர்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய விழா வேரூன்றி வருகின்றது. சரஸ்வதி பூசை, பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி என்னும் பழைய வரிசையில் ‘அறுபதுகளின் இசை இரவு’ என்பதும் வந்து சேர்ந்திருக்கின்றது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து இளைஞர்களும் வாசிகசாலைக்கு நிதி திரட்டும் பொருட்டு இத்தகைய இரவொன்றை நடத்த முனைந்து, தாம் எழுதிய நிகழ்ச்சி நிரலைப் பார்வையிடுமாறு என்னிடம் தந்தனர். நான் அறுபதுகளைக் கண்ணாற் கண்டவனல்லேன், பிறந்ததே பின்னாளில். ஆயினும் ஆசிரியன் என்றால் எல்லாம் அறிந்தவன் என்று நம்பும் நல்ல மனம் நம்மவர்க்கு இன்னும் இருக்கின்றது.

நிரலைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. இளையராஜாவின் பாடல்கள் இரண்டு அதில் இருந்தன. அவர் திரையுலகிற்கு அறிமுகமான ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976ஆம் ஆண்டில். ஏ. ஈ. மனோகரனின் பொப் பாடல் ஒன்று இருந்தது. நம் நாட்டுத் தமிழ்ப் பொப் இசை ஓங்கி ஒலித்ததும் எழுபதுகளிலேயே. இளைஞர் அணியவிருந்த ‘பெல்பொட்டம்’ காற்சட்டையும் இங்கே எழுபதுகளின் கோலம். மறுபுறம் ‘கல்யாணப் பரிசு’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஆகியவற்றின் பாடல்களும் காணப்பட்டன. அவை 1959ஆம் ஆண்டுப் படங்கள். பழையன யாவும் ஒரே பெட்டிக்குள் அடங்குவன என்று இளையோர் எண்ணுவது இயல்பு. நாமும் நம் பாட்டனாரின் காலத்தை அவ்வாறுதானே எண்ணுகின்றோம்!

ஆண்டுக் கணக்கில் இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று ஒருவர் வினவக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. பத்தாண்டின் பெயரைச் சூட்டி ஒரு விழாவை எடுப்பவர் அந்தப் பத்தாண்டை அறிந்திருக்க வேண்டும். அன்றியும், அறுபதுகளுக்குப் பிறரிடம் கடன் வாங்கவேண்டிய வறுமை எதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டில் மட்டும் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்னும் மூன்று படங்கள் வந்தன. மூன்றுக்கும் இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யும் ‘கர்ண’னும் வந்தன. ஒன்று மேனாட்டு ஆட்டமெட்டுக்களின் விளையாட்டு. மற்றது இந்துஸ்தானி இராகங்களின் பெருக்கு. இரண்டையும் அமைத்தவர்கள் அதே இருவர் என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது. 1965இல் அவ்விருவரும் பிரிந்தனர். அதே ஆண்டில் ‘திருவிளையாட’லிலும், பின்னர் 1968இல் ‘தில்லானா மோகனாம்பா’ளிலும் கே. வி. மகாதேவன் கர்நாடக இசையைப் பாமர மக்களின் வாயிலே புகுத்தினார். எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் இளங்குரல் தமிழ்த் திரைக்கு வந்த 1969ஆம் ஆண்டோடு அந்தப் பத்தாண்டு நிறைவெய்துகின்றது.

பாடல்களைத் தெரிவது எளிது, பாடுவதே கடினம். இன்று ஒரு மின்விசைப் பலகையை வைத்துக்கொண்டு வயலினும் குழலும் தபேலாவும் எல்லாம் தானே என்று வாசித்துவிடுகின்றனர். அறுபதுகளின் பாடல்கள் அவ்வாறு பிறந்தவையல்ல. பாடுவோரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒருங்கே இருந்து, ஒரே மூச்சில் ஒலிப்பதிவு செய்தவை. நடுவில் ஒருவர் தவறினால் யாவரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ‘சேர்வர் சுந்தரம்’ என்னும் 1964ஆம் ஆண்டுப் படத்தில் ஒலிப்பதிவுக் கூடக் காட்சியொன்று வருகின்றது. விஸ்வநாதன் தாமே நின்று வாத்தியக் குழுவை நடத்துவதையும் டி. எம். சௌந்தரராஜன் பாடுவதையும் அதிலே காணலாம். எங்கள் இளைஞரை அக்காட்சியை நான்கு முறை பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தவர்கள் ஊரிலே தேடி ஓர் ஆர்மோனியம், ஒரு மண்டலின், ஒரு சோடித் தபேலா, கோயில் மடத்தில் தூசு படிந்து கிடந்த ஒரு டோலக் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டனர். அக்கோர்டியன் கிடைக்கவில்லை. ஆறு வாரம் ஒத்திகை பார்ப்பதென்று முடிவாயிற்று. தாளம் தட்டும் இயந்திரத்தை வீட்டிலே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது மட்டுமே நான் விதித்த நிபந்தனை.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவரைப் பற்றியும் ஒரு சொல். மேடையிலே கூச்சலிடுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அறுபதுகளின் காதுக்கு அது பொருந்தாது. அக்காலத்து இல்லங்களில் தமிழ் ஒலித்த விதத்தை வகுத்தது இலங்கை வானொலி. 1950இல் ஆரம்பமான அதன் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனம் போன்றோர் படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என ஒழுங்காகச் சொல்லிய பின்னரே இசைத்தட்டு சுழலும். அந்த ஒலிபரப்பைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் காத்திருந்து கேட்டனர். 1967ஆம் ஆண்டு சனவரியில் வானொலி ஒரு கூட்டுத்தாபனமாக மாறியது. நம்மவர் நாவில் அது என்றும் ‘இலங்கை வானொலி’தான்.

நேயர் விருப்பம் என்ற ஒன்றையும் நிரலிற் சேர்க்கச் சொன்னேன். விருப்பத்தை அஞ்சலட்டையில் எழுதி, வாசிகசாலை வாசலில் வைத்த பெட்டியில் இட வேண்டும். கைத்தொலைபேசியில் அனுப்புவது ஏற்கப்படாது. முதல் வாரத்திலேயே பெட்டி நிறைந்தது. ஓர் அம்மையார் தமது அட்டையில் ஒன்பது பெயர்களை எழுதி, இவர்கள் யாவரும் விரும்பிக் கேட்கும் பாடல் என்று குறித்திருந்தார். அவர்களுள் ஐவர் கடல் கடந்து போனவர்கள். மூவர் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் உயிரோடு இல்லாதவர்கள். ஒன்பதாவது பெயர் அவருடையது. ஒன்பது பெயரையும் ஒன்றுவிடாமல் வாசிக்குமாறு அறிவிப்பாளரிடம் கூறியிருக்கின்றேன்.

இனி ஆடலைப் பார்ப்போம். இளைஞர் கேட்டது ‘ருவிஸ்ட்’ ஆட்டம். 1960இல் அமெரிக்காவில் சபி செக்கர் என்பவரின் இசைத்தட்டினாற் பரவிய அந்த ஆட்டம், சென்னைப் படங்கள் வழியாக நம் கொட்டகைகளின் திரைக்கும் வந்தது. ஆகவே அதனை விலக்கக் காரணமில்லை. பைலாவையும் விலக்கலாகாது. போர்த்துக்கேயர் காலத்து எச்சமான அந்த ஆறு மாத்திரைத் துள்ளலை மேடைக்குரிய பாடலாக்கிய வொலி பஸ்டியன் காவற்றுறையிற் பணியாற்றியவர். மட்டக்களப்புப் பறங்கியர் தம் திருமண வீடுகளில் ஆடும் கபிரிஞ்ஞாவுக்கும் அதற்கும் நெருங்கிய உறவுண்டு. சிங்களப் பாடல் ஒன்றும் இடம்பெறட்டும், சி. ரி. பெர்னாண்டோவின் குரலை அறியாத தமிழ் வானொலி நேயர் அந்நாளில் அரியர்.

ஆனால் நம் மண்ணின் அறுபதுகள் இவற்றோடு முடிந்துவிடவில்லை. 1962இல் ‘கர்ணன் போர்’ என்னும் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார் பேராசிரியர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்து, விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்தைச் சில மணித்தியாலங்களுக்குள் அடக்கி, படித்த மாணவர்களை ஆடச் செய்தார். அதன் பின் வந்த ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. படிப்பறியாதார் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டிருந்த கலை பட்டதாரிகளின் காலிலே சலங்கையாயிற்று. வடக்கிலோ காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா ஊர் ஊராகச் சென்று மயான காண்டத்தை மேடையேற்றியது. அரிச்சந்திரனாக அவர் பாடும்போது பாய் விரித்து இருந்தவர்கள் அழுதனர் என்று முதியோர் இன்றும் சொல்கின்றனர். அந்த நாடகத்திலிருந்து அரைமணி நேரம் வேண்டும் என்றேன். இளைஞர் முகஞ் சுளித்தனர். பின்னர் ஒருவன் பாடிப் பார்த்தான். இப்பொழுது அவனே அரிச்சந்திரன்.

உண்மையைச் சொன்னால், யாழ்ப்பாணத்து அறுபதுகளின் இசை இரவு என்பது கோயில் வீதியின் மணலிலே நடந்தது. பூங்காவனத் திருவிழாவென்றால் இரண்டு மூன்று கூட்டம் மேளம் பிடித்திருப்பார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலம் அது; 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அவ்வழி திறந்திருந்தது. தமிழ்நாட்டு நாதசுரக் கலைஞர் வந்தால் நம்மவரும் அவர்க்கு ஈடாக நின்று வாசித்தனர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் நம் நாட்டின் பெருமைகள். தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தபோது அவருக்கு வயது 41 மட்டுமே. பெற்றோமக்ஸ் விளக்கின் கீழே, கச்சான் கொறித்தபடி, குழந்தைகள் மடியில் உறங்க, ஊர் முழுவதும் இராக ஆலாபனையைக் கேட்டிருந்தது.

‘ஊர் முழுவதும்’ என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும்.

நிகழ்ச்சிக்காக முதியோரைச் சந்தித்து வருகையில், எங்கள் ஊரின் ஒதுக்குப்புறக் குறிச்சியிலே வாழும் பெரியவர் ஒருவரிடமும் சென்றோம். அந்நாளில் விரும்பிக் கேட்ட இசை எது என்று வினவினோம். “மேளம் கேட்டனான் மாஸ்ரர். வேலிக்கு வெளியிலை நிண்டு கேட்டனான். உள்ளுக்கை ஆர் வாசிச்சது எண்டு முகம் தெரியாது” என்றார். சொல்லிவிட்டு எங்களுக்குத் தேநீர் தருவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தின் வயது அறுபது ஆண்டுக்கு மேல். தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைய ஒருவனை அவன் பிறப்பைக் காட்டித் தடுப்பது குற்றம் என்று அது கூறியது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே மக்கள் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளிவந்தது. நாதசுரக்காரன் ஒருவனின் மானத்தைப் பேசும் படத்தைக் கொட்டகையிலே கைதட்டிப் பார்த்தவர்களுட் சிலர், மறுநாள் கோயில் வாசலை அடைத்து நின்றவர்களாகவும் இருந்திருப்பர்.

இளைஞர்கள் விழாவுக்குப் ‘பொற்கால இரவு’ என்று பெயர் வைத்திருந்தனர். அந்தப் பெயர் வேண்டாம் என்று நிருவாகக் கூட்டத்திலே கூறினேன். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் புண் ஆறாமலும், 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகம் கச்சேரி வாசலில் முறியடிக்கப்பட்டும் தொடங்கிய ஒரு பத்தாண்டு அது. பாட்டு இனியது என்பதனால் காலமும் இனியதாகிவிடாது. பெயரை மாற்ற யாவரும் உடன்பட்டனர். ஆனால் அந்தப் பெரியவரை மேடைக்கு அழைத்து, அவர் விருப்பத்தின்படி மேளம் வாசிக்கப்படும் என்றும், அவர் வேலிக்கு வெளியே நின்று கேட்ட வரலாற்றை அறிவிப்பாளர் சொல்லவேண்டும் என்றும் இளைஞர் ஒருவர் பிரேரித்தபோதுதான் கூட்டம் இரண்டுபட்டது. “மறந்துபோனதை ஏன் கிளறுவான்?” என்றார் ஓர் உறுப்பினர். “மறந்தது ஆர் அண்ணை?” என்று அந்த இளைஞர் கேட்டார். விடை வரவில்லை. விவாதம் ஒன்றரை மணித்தியாலம் நீண்டது. பெரியவரிடமே கேட்போம் என்று நான் சொன்னேன். மறுநாள் கேட்டோம். மேடையிலே ஏறமாட்டேன் என்றார் அவர். கதையைச் சொல்லலாம், பெயரைச் சொல்லவேண்டாம் என்றார். தமக்கு ஒரு கதிரை முன்வரிசையில், வாசிப்பவரின் முகம் தெரியும் இடத்தில் வேண்டும் என்றார். அவ்வாறே கதிரை ஒதுக்கப்பட்டுள்ளது. கூட்டத்திலே எதிர்த்துப் பேசிய உறுப்பினர் அன்றிரவு வருவாரா என்பது தெரியவில்லை; நுழைவுச் சீட்டை மட்டும் வாங்கியிருக்கின்றார்.

இத்தகைய இரவை நடத்த எண்ணும் பிற ஊரவர்க்குச் சில குறிப்புக்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். இரவு 10 மணிக்கு மேல் அந்த அனுமதி வழங்கலாகாதென உயர் நீதிமன்றம் 2007இல் விதித்த கட்டுப்பாட்டை நினைவிற் கொள்க. விடியும்வரை மேளம் கேட்ட நாட்கள் போயின. ஆதலால் மாலை 5 மணிக்கே தொடங்குக. பாடல்களுக்கு உரிமையாளர் உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோன் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நிலைக்கும். கண்ணதாசன் 1981இல் மறைந்தவர். கணக்கை நீங்களே போடலாம். சீட்டு விற்றுப் பாடுவதாயின் அனுமதியைப் பற்றி விசாரித்துக்கொள்வது நன்று.

மண்டபத்திற் கதிரைகளை முன்னே நான்கு வரிசை மட்டும் இடுக. எஞ்சிய இடத்திற் பாய் விரித்தால் அறுபதுகளின் தோற்றம் தானே வந்துவிடும். கச்சான், வடை, சோடா போதும். மேளக்காரர், நாடகக்காரர், பாடியவர், கதிரை சுமந்தவர், சமையல் செய்தவர் யாவருக்கும் இராச்சாப்பாடு உண்டு. 10 மணிக்கு ஒலிபெருக்கி அடங்கியதும் வாழையிலை விரித்து ஒரே பந்தியில் வைப்பதென்று தீர்மானித்து, அதனையும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டோம்.