கோபம் யாருடைய சொத்து?

"ஜனங்களிடம் அதிருப்தி பெருகிவிட்டது, ஆகவே வெற்றி எங்களுக்கே!" என்று தேர்தல்தோறும் எதிர்க்கட்சிக்காரர் மார்தட்டுகிறார். ஜனங்களின் அதிருப்தி என்ன, அவர் வீட்டுப் பத்தாயத்து நெல்லா?

கடலூர்ப் பக்கம் வந்து கேளுங்கள். 1952 தேர்தலில் காங்கிரஸின்மீது மனம் கசந்த வன்னியர்கள், எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியை நம்பினார்கள். 375 பேர் கொண்ட சென்னைச் சட்டசபையில் அது 19 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸோ 152 இடங்களோடு தத்தளித்தது. 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானார், படையாட்சியார் அவரது மந்திரிசபையில் சேர்ந்தார், கட்சியும் கலைந்தது. காங்கிரஸ் வேண்டாமென்று போட்ட ஓட்டு, காங்கிரஸ் நாற்காலிக்கே கால் ஆயிற்று!

"பின்தங்கிய மக்களுக்கு ஒரு மந்திரி கிடைத்தாரே" என்பீர்கள். கிடைத்தார், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுப் போட்டவன் தன் சம்மதத்தையோ கோபத்தையோ சொல்ல 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே!

அமெரிக்காவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரதிநிதிகள் சபை முழுவதற்கும் தேர்தல். ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோதே, 2010-இல் அவர் கட்சி அங்கே 63 இடங்களை இழந்தது. நடுவழியில் காதைத் திருக அங்கே ஒரு வழி இருக்கிறது.

நமக்கோ பொறுமைதான் வழி. 1965 ஜனவரி 27-இல், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்தக் கோபம் அரிசிப் பஞ்சத்தோடு சேர்ந்து 1967 வரை காத்திருந்தது, ஆட்சியையே புரட்டியது. காங்கிரஸ் இன்றுவரை அந்த முதல் மந்திரி நாற்காலிக்குத் திரும்பவில்லை.

ஆகவே, மார்தட்டும் ஐயா! ஜனங்களின் கோபம் உமக்குக் கிடைத்த கைமாற்றுக் கடன். கொடுத்தவன் ஒருநாள் வாசலில் வந்து நிற்பான்.