முதலில் எந்த விமானம், பிறகு எந்தக் கைப்பிடி

லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் நீளம். 2024 டிசம்பரில் இண்டிகோ தன் ஏடிஆர் விமானங்களை பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் அங்கிருந்து விடத் தொடங்கியது. அதே ஊரின் உப்பளம் பகுதியில் ஒரு மாடி அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவரும் அதே ஓடுபாதையில் இறங்கிப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் அது இருக்கிறது. ஆனால் கீபோர்டை வைத்துக்கொண்டு இறங்க முயன்றவர்களுக்கு முடிவு தெரியும்: மூக்கு மேலே போகும், கீழே குத்தும், மறுபடி மேலே போகும், கடைசியில் விமானம் புல்வெளியில் கிடக்கும். அன்றிரவே இணையக் கடையில் ஜாய்ஸ்டிக் தேடும் படலம் ஆரம்பமாகிறது. அங்கே 14 பிட், ஹோட்டாஸ், ஹால் சென்சார், யோக் என்று சொற்கள் வந்து விழுகின்றன. விலையோ சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுகிறது. எதற்காக எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கிவிட்டு அலமாரியில் அடுக்கி வைப்பவர்கள் நிறைய.

கீபோர்டு ஏன் தோற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு விசைக்கு இரண்டே நிலைதான்: அழுத்தியிருக்கும், அல்லது விட்டிருக்கும். விமானத்தின் வால் பகுதியிலுள்ள எலிவேட்டரோ கொஞ்சம் கொஞ்சமாக அசைய வேண்டியது. தரையிறங்கும் கடைசி வினாடிகளில் விமானி செய்வதெல்லாம் மிகச் சிறிய இழுப்புகளும் தளர்த்தல்களும்தான். இப்படித் தொடர்ச்சியாக அளவு மாறும் ஒவ்வொரு அசைவையும் ஓர் அச்சு என்கிறோம். விமானம் ஓட்ட நான்கு அச்சுகள் போதும்: மூக்கை ஏற்றி இறக்க ஒன்று, இறக்கைகளைச் சாய்க்க ஒன்று, மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டருக்கு ஒன்று, எஞ்சின் விசைக்கு ஒன்று. இந்த நான்கும் கைக்கும் காலுக்கும் ஒழுங்காக வந்துவிட்டால் மீதியெல்லாம் பொத்தான்கள். பொத்தான் வேலைக்குக் கீபோர்டே போதும். முப்பது பொத்தான் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும் முன் விடை சொல்ல வேண்டிய கேள்வி, எந்த விமானத்தை அதிகம் ஓட்டப் போகிறீர்கள் என்பது. செஸ்னா 172, போயிங் 737, லாஸ்பேட்டைக்கு வரும் ஏடிஆர் ஆகியவற்றில் விமானியின் முன்னால் இருப்பது யோக். இழுக்கவும் தள்ளவும் முடிகிற ஸ்டியரிங் போன்ற கைப்பிடி. ஏர்பஸ் ஏ320-ல் யோக் கிடையாது. 1987 பிப்ரவரி 22 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தில், இருக்கையின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஸ்டிக்கை வைத்தார்கள். அதை அசைத்தால் மின் சமிக்ஞை கணினிக்குப் போகிறது. கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நம் வீட்டு ஜாய்ஸ்டிக்கும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. ஆகவே யோக் வைத்திருப்பவர் தேர்ந்தவர், ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் விளையாட்டுப் பிள்ளை என்ற எண்ணத்தில் சாரமே இல்லை. ஏ320 ஓட்டுகிறவர் யோக் வாங்கினால்தான் உண்மையிலிருந்து விலகிப் போகிறார். ஏர்பஸ்ஸில் கேப்டன் இடது பக்கம் உட்கார்ந்து இடது கையால் ஸ்டிக்கைப் பிடிக்கிறார், வலது கை எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில். அதனால் இரு கைக்கும் பொருந்தும்படி பாகங்களை மாற்றிப் பூட்டக்கூடிய த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்ற மாடல்கள் ஏர்பஸ் பிரியர்களுக்கு வசதி. அதே நிறுவனம் ஏர்பஸ் பெயரிலேயே ஒரு சைட்ஸ்டிக்கும் விற்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஓர் உபரித் தகவல். த்ரஸ்ட்மாஸ்டரை வைத்திருக்கும் கில்மோ நிறுவனம் பிரான்சின் பிரித்தானி பகுதியைச் சேர்ந்தது. 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை உருவாக்கிய அசோபோ ஸ்டுடியோ இருப்பது போர்தோவில். ஏர்பஸ்ஸும் ஏடிஆரும் துலூஸில். எல்லாமே பிரான்ஸ்தான்.

பயிற்சிக் கருவியின் கதையே பிரான்சில்தான் ஆரம்பிக்கிறது. 1909, 1910 வாக்கில் ஆன்த்வானெத் என்ற ஒற்றை இறக்கை விமானம் அங்கே பிரபலம். அதில் ஸ்டிக் இல்லை. விமானியின் இருபக்கமும் இரண்டு சக்கரங்கள்: ஒன்று மூக்கை ஏற்றி இறக்க, மற்றது இறக்கையை முறுக்கிச் சாய்க்க. எந்தக் கை எதைச் செய்கிறது என்பது உடம்பில் பதிய நாளாகும், பதியும் முன்பே விமானம் விழும். ஆகவே பீப்பாயை இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே பயிற்சி பெறுபவரை உட்கார வைத்து, உதவியாளர்கள் தள்ளி ஆட்டினார்கள். அவர் சக்கரங்களைத் திருப்பித் தன்னை நேராக்கிக்கொள்ள வேண்டும். திரையும் இல்லை, காட்சியும் இல்லை, கட்டுப்பாட்டுக் கருவி மட்டும்தான். கை பழகுவதே பயிற்சி என்று அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பிறகு 1929-ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க், தன் தந்தையின் ஆர்கன் தொழிற்சாலையிலிருந்த காற்றுத் துருத்திகளையே பயன்படுத்தி, சாயவும் திரும்பவும் செய்யும் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-ல் ராணுவ விமானிகள் தபால் சுமந்து பறந்து, மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகே ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது.

இனி எதை எந்த வரிசையில் வாங்குவது என்பதற்கு வருவோம். என் கணிப்பில் முதல் பணம், திருகும் கைப்பிடியும் சிறு த்ராட்டிலும் ஒன்றாகவே உள்ள ஒரு ஜாய்ஸ்டிக்குக்குப் போக வேண்டும். நான்கு அச்சுகளும் ஒரே பெட்டியில் வந்துவிடும். இரண்டாவது பணம் யோக்குக்கு அல்ல, கால் பெடலுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், யோக் கண்ணைப் பறிக்கிறது என்பதால். ஆனால் திருகும் ஜாய்ஸ்டிக்கில் ரட்டருக்காக மணிக்கட்டைத் திருகும்போது, அறியாமல் கை பக்கவாட்டிலும் சாய்ந்துவிடுகிறது. இரண்டு அச்சுகள் கலந்துவிடுகின்றன. செஸ்னாவில் ஓடத் தொடங்கியதும் சுழலியின் விளைவால் மூக்கு இடதுபக்கம் இழுக்கும், வலது காலால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் இறங்குகையில் கை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம். இந்தப் பழக்கத்தைப் பெடல் இல்லாமல் கற்க வழியில்லை. தரையில் செஸ்னாவை வளைப்பதும் காலால்தான், பிரேக் பிடிப்பதும் பெடலின் மேல்நுனியை அழுத்தித்தான்.

ஹோட்டாஸ் என்பது போர் விமானங்களுக்கான ஏற்பாடு. இரு கைகளும் ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் விட்டு எடுக்காமலே எல்லாப் பொத்தான்களும் விரலுக்கு எட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். பயணி விமானம் ஓட்டுகிறவருக்கு அந்தப் பொத்தான்களில் பாதி வீண்தான், ஆனாலும் தனி த்ராட்டில் நல்லதே. இரட்டை எஞ்சின் விமானமானால் இரண்டு நெம்புகோல் உள்ளதாகப் பாருங்கள்.

கருவியைவிட மேசையும் நாற்காலியும் அதிகம் படுத்துகின்றன. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் நாம் பின்னால் உருண்டு போவோம். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பெடலும் முன்னால் வழுக்கும். சக்கரமில்லாத சாதாரண நாற்காலி, பெடலுக்குப் பின்னால் சுவர், அடியில் ரப்பர் விரிப்பு: செலவில்லாத தீர்வு இது. யோக்கைக் கவ்வியால் மேசை விளிம்பில் பூட்ட வேண்டும். நம் வீடுகளில் உள்ள கணினி மேசைகளில் அடியில் இழுப்புத் தட்டு இருக்கும், கவ்வி அங்கே இடிக்கும். மரத்தூள் பலகை மேசையானால் இறுக்கிய இடம் நசுங்கிவிடும், ஒரு மரக்கட்டையை இடையில் வைக்க வேண்டும். வாங்கும் முன் மேசையின் கனத்தையும் அடியிலுள்ள இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்தால் தோள் தூக்கியே இருக்கும், ஒரு மணி நேரத்தில் வலிக்கும். இருக்கை உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு, அதில் வைத்துப் பாருங்கள். முழங்கை தாங்கலில் படிந்திருந்தால் அசைவே நிதானமாகிவிடும்.

உள்ளே இருக்கும் சென்சார் பற்றி, உப்புக் காற்று படும் கடற்கரை ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவலைப்படத்தான் வேண்டும். விலை குறைந்த கருவிகளில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர்: ஒரு கார்பன் தடத்தின்மேல் உரசி ஓடும் உலோக விரல். பழைய ரேடியோவின் ஒலிக் குமிழைத் திருகினால் கரகரக்குமே, அதே உறுப்புதான். தூசி படிந்தாலும் தடம் தேய்ந்தாலும் அளவு துள்ளும், கை அசையாதபோதே விமானம் நடுங்கும். ஹால் சென்சாரில் உரசலே இல்லை. மின்சாரம் ஓடும் கடத்திக்குக் குறுக்கே காந்தப்புலம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879-ல் எட்வின் ஹால் கண்டார். கைப்பிடியோடு ஒரு காந்தம் அசைகிறது, தொடாமலே சில்லு அதை அளக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்து வைத்தே வாழும் வீடுகளுக்கு இது ஏற்றது. ஆனால் பெட்டியில் ஹால் சென்சார் என்று போட்டிருந்தாலும், கைப்பிடியின் இரண்டு முக்கிய அச்சுகளுக்கு மட்டும் அதை வைத்துவிட்டு, திருகலுக்கும் த்ராட்டிலுக்கும் பொட்டென்ஷியோமீட்டரே வைக்கும் மாடல்கள் உண்டு. எந்தெந்த அச்சுக்கு என்று கேட்டு வாங்குங்கள். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கும் திருகாணியும் எப்படியும் துருப்பிடிக்கும். ஓட்டாத நேரத்தில் உறை போட்டு மூடி வைப்பது நல்லது.

பிட் கணக்கு வேறு. 8 பிட் என்றால் முழு அசைவும் 256 படிகளாகப் பிரியும், 10 பிட் 1,024, 14 பிட் 16,384. ஸ்டிக் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை 40 டிகிரி அசைகிறது என்று வைத்துக்கொண்டால், 10 பிட்டிலேயே ஒரு படி 0.04 டிகிரிதான். மனிதக் கைக்கு அதற்கு மேல் நுணுக்கம் கிடையாது. நடுவில் கைப்பிடி லொடலொடப்பதும், அசையத் தொடங்கும்போது ஒட்டிக்கொண்டு பிறகு துள்ளுவதும்தான் இறங்குதலைக் கெடுக்கும். அவற்றைப் பெட்டியில் அச்சிட மாட்டார்கள்.

ஸ்பிரிங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜ செஸ்னாவில் விமானி யோக்கை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டே டிரிம் சக்கரத்தைத் திருப்புவார். கையில் உணரும் பாரம் குறைந்து மறையும், யோக் அதே இடத்தில் தானாக நிற்கும். வீட்டுக் கருவியின் ஸ்பிரிங்குக்கு நடு ஒன்றே ஒன்றுதான். டிரிம்மைத் திருப்பத் திருப்ப நாம் கையைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இது தெரியாதவர்கள் விமானம் நிலையாகப் பறக்கவில்லை என்று கருவியைக் குறை சொல்வார்கள். ஏ320-ல் சாதாரணமாகப் பறக்கும்போது கணினியே டிரிம் செய்துவிடும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. மோட்டார் வைத்து நிஜப் பாரத்தைக் கொடுக்கும் கருவிகளும் உண்டு. 1990-களில் மைக்ரோசாஃப்டே விற்றது, இப்போது மறுபடி வருகின்றன. முதல் கருவியாக வாங்கும் விலையில் அவை இல்லை.

இணைத்த பிறகு முதல் அரைமணி நேரம் பறக்காதீர்கள். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, ஒவ்வோர் அச்சும் முழுத் தூரம் போகிறதா, விட்டால் நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு சிமுலேட்டரின் கட்டுப்பாட்டுப் பக்கம். புதிய கருவி ஒவ்வொன்றுக்கும் அது தானாகவே சில வேலைகளை ஒதுக்கிவிடும். பெடலுக்கும் ரட்டர், ஜாய்ஸ்டிக் திருகலுக்கும் ரட்டர் என்று இருந்தால் இரண்டும் மோதும், விமானம் பேய் பிடித்ததுபோல் திரும்பும். ஒன்றை நீக்குங்கள். செருகியபடி மறந்துபோன எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் இதே குழப்பத்தைச் செய்யும். நடுவில் கொஞ்ச தூரம் அசைவைப் பொருட்படுத்தாமல் விடும் டெட் ஸோன் அமைப்பை, நடுக்கம் மறையும் அளவுக்கு மட்டும் வையுங்கள். அதிகமானால் தரையைத் தொடும் கணத்தில் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று அதிகமாக நடக்கும். குட்டை ஸ்டிக்குக்கு நடுப்பகுதியைச் சற்று மந்தமாக்கும் வளைவு உதவும், யோக்குக்கு நேர்கோடே போதும். பாதி வழியில் கருவி மறைந்துபோனால், மின் சேமிப்புக்காக விண்டோஸ் அந்த யுஎஸ்பி இணைப்பை உறங்க வைத்திருக்கலாம். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். நான்கைந்து கருவிகள் சேர்ந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப் தேவைப்படும்.

கைவேலை தெரிந்தவர்களுக்கு, மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னை ரிச்சி தெரு போதும். ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற மின்னணுப் பலகையைக் கணினி ஜாய்ஸ்டிக்காகவே எடுத்துக்கொள்ளும். அதோடு சில காந்தச் சென்சார்களும் மரத்தில் செய்த பெடலும் சேர்ந்தால் ரட்டர் தயார். கடைப் பெடலின் விலையைப் பார்த்த பிறகு இதில் இறங்குபவர்கள் உண்டு. மென்பொருளுக்கும் காசில்லாமல் ஃப்ளைட்கியர் இருக்கிறது, சுமாரான கணினியிலும் ஓடும்.

விமானியாக விரும்பும் பிள்ளைக்காக வாங்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் பறந்த மணிகள் உரிமத்துக்கான கணக்கில் சேராது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அங்கீகரித்த சிமுலேட்டர்களில் பறந்தால்தான் கணக்கு. வீட்டில் கிடைப்பது பழக்கமும், ஆசை உண்மையா என்ற தெளிவும். அந்தத் தெளிவு வரும்வரை பிறர் பயன்படுத்திய பழைய கருவியே போதும். வாங்கும்போது ஒரு மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோங்கள். செருகி, ஸ்டிக்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அசையுங்கள். திரையிலுள்ள குறி தாவாமல் நகர வேண்டும், கையை எடுத்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். திருகலையும் த்ராட்டிலையும் அப்படியே சோதியுங்கள். தாவினால் விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.