வாக்கு ஏலப்பொருள் அன்று

முத்துச் சலாபம் நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரையேறிய சிப்பிகளைத் திறவாமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவர். உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பது எடுத்தவன் நற்பேறு. 1961-ஆம் ஆண்டோடு அச்சலாபம் ஓய்ந்தது. ஆயினும் தேர்தல்தோறும் வேறோர் ஏலம் நடக்கிறது. முஸ்லிம்களின் வாக்குகளைத் திறவாத சிப்பிக் குவியலாக எண்ணி, மார்க்கத் தலைவர் ஒருவரின் அறிக்கையால் மொத்தமாக எடுத்துவிட வேட்பாளர்கள் விரைகின்றனர்.

இந்த ஏலத்தின் வரவு செலவை டில்லியிலே காணலாம். ஜாமிஆ மஸ்ஜித் இமாம் அப்துல்லா புகாரி 1977-இல் ஜனதாவை ஆதரித்தார். 1980-இல் இந்திரா காங்கிரஸை ஆதரித்தார். துர்க்மான் கேட்டில் வீடிழந்தோருக்கும், கட்டாயக் கருத்தடைக்கு அஞ்சியோருக்கும் 1977-இல் வழிகாட்ட ஓர் அறிக்கை வேண்டியிருந்ததா? அவர்தம் மகனார் அஹ்மது புகாரி 2014-இல் காங்கிரஸை ஆதரித்தார். அக்கட்சிக்குக் கிடைத்தவை 44 இடங்கள். 2015 பிப்ரவரியில், டில்லி வாக்குப்பதிவுக்கு முதல்நாள், ஆம் ஆத்மி கட்சிக்கு ஆதரவு என்றார். அக்கட்சி அதனை ஏற்க மறுத்தது. 70-இல் 67 இடங்களை வென்றது. அறிக்கையால் தோற்றனர், மறுத்ததால் வென்றனர் என்று நாம் வாதிக்கவில்லை. அறிக்கை இருந்தும் தோற்கலாம், இன்றியும் வெல்லலாம் என்பதே பாடம்.

வேட்பாளருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3) பிரிவு, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமன்று, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் குற்றமே என 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் இசைவோடு பிறர் கேட்டாலும் வென்ற இடம் பறிபோகலாம்.

“சிறுபான்மையினர் ஒன்றுபட வேண்டாமா?” என்பர். வேண்டும், கோரிக்கையில் ஒன்றுபடுவோம். காயல்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ வேட்பாளர் ஜமாஅத்தைத் தேடி வந்தால், பள்ளிக்கூடம், மருத்துவமனை, துறைமுக வேலை, மீனவர் நலம் பற்றி ஊரார் அனைவர் முன்னிலையிலும் கேட்போம். அவர் தரும் விடையை ஒவ்வொருவரும் தாமே எடைபோடட்டும். ஆலிமும் ஒரு குடிமகனே. தம் வாக்கை விரும்பியவாறு அளிக்கட்டும். ஆனால் மிம்பர் அவருடைய சொத்தன்று. இன்று ஒரு கட்சிக்கும் நாளை மறு கட்சிக்கும் அதிலிருந்து குரல் எழுமாயின், நாளை மறுநாள் அங்கிருந்து ஒலிக்கும் நல்லுபதேசத்தை எவர் நம்புவார்?

வாக்கு ஓர் அமானிதம். அமானிதத்தை ஏலம் கூறும் உரிமை எவருக்கும் இல்லை.