கட்டைவிரல் சொன்ன பொய்

அன்று இரவு 10.40 மணிக்கு எங்கள் சிறுகுழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். ‘இன்றைய பகுதியைப் படித்தாயிற்று’ என்று அதற்குப் பொருள். நான் படித்திருக்கவில்லை. பைபிள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன்மேல் கைப்பேசி மின்னேற்றி கிடந்தது.

மறுநாளும் போட்டேன். அதற்கு அடுத்த நாளும் போட்டேன்.

சிறுகுழு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சபைக்குப் போகிறவர்களில் ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, வேதம் வாசித்து, ஜெபித்து, கடைசியில் கண்டிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கலைவது. நாங்கள் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை இரவு, ஈசூனில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அங்கிள் ஒருவரின் வீட்டில் கூடுவோம்.

புத்தாண்டு ஆராதனை முடிந்த சூட்டில் ஒரு முடிவெடுத்தோம். ஒரே ஆண்டில் முழு பைபிளையும் படித்து முடிப்பது. மொத்தம் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். கணக்கு எளிது. ஆதியாகமம் கதையாக ஓடியது. யாத்திராகமத்தில் செங்கடலைத் தாண்டும்வரை விறுவிறுப்பு. பிறகு ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், பலிகளின் விதிகள். பிப்ரவரி முதல் வாரம் லேவியராகமத்துக்கு வந்தபோது குழுவில் எட்டுக் கட்டைவிரலும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை அங்கிள் சாதாரணமாகக் கேட்டார்: “இந்த வாரம் படிச்சதில எது மனசுல நின்னுச்சு?”

யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வானொலியில் சில வினாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்குக் கை பதறும். அந்தப் பழக்கத்தில் நானே பேச ஆரம்பித்தேன். ரயிலில் வரும்போது கைப்பேசியில் பார்த்த சுருக்கத்தை அழகாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அங்கிள் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு தாதியாக வேலை செய்யும் அக்கா மெதுவாகச் சொன்னார்: “நான் பத்து நாளா படிக்கல. நைட் ஷிஃப்ட். எல்லாரும் போடுறாங்களேன்னு தம்ஸ்-அப் மட்டும் போட்டேன்.”

ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னேன். தினமும் காலையில் ஆயிரக்கணக்கானோரிடம் பேசுகிற எனக்கு ஏழு பேரிடம் ஒரு வாக்கியம் சொல்ல மூன்று வாரம் ஆனது.

அங்கிள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. “ரூட்டு நீளமா போச்சு. சின்ன ரூட்டா போவோம்” என்றார்.

அப்படித்தான் மாற்கு எழுதின சுவிசேஷத்துக்கு வந்தோம். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒன்று. வெள்ளி கூடுகை. சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் படித்துக்கொள்ள. நான்கே வாரத்தில் ஒரு முழுப் புத்தகம் முடிந்தது. முடித்தோம் என்ற அந்த உணர்வு எங்களில் பலருக்கு அதுதான் முதல்முறை.

அடுத்தது நேரம். ‘காலையில் எழுந்ததும்’ என்பது எல்லாருக்கும் பொருந்தாது. எனக்குக் காலை என்பது நாலு மணி. கண் திறந்தால் போதும் என்றிருக்கும். தாதி அக்காவுக்கு வாரத்துக்கு ஒரு காலை. ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு வாசிப்பைக் கட்டிவிட்டோம். அக்காவுக்கு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து குடிக்கும் முதல் கோப்பி. எனக்கு, நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் ரயில் பயணம்.

இதை நாங்கள் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தோம். பிறகுதான் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. 96 பேரிடம், தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்து ஒரு புதிய செயலைச் செய்யச் சொல்லிக் கவனித்திருக்கிறார்கள். அது தன்னால் நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பில்லை. ஒரு நாள் விட்டதற்கு வெட்கப்பட்டு ஒரு மாதம் விட்டவர்கள் கவனிக்கவும்.

மூன்றாவது மாற்றம்தான் பெரியது. கட்டைவிரலை நிறுத்தினோம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, துணையிடம் ஒரு சின்னக் குரல்பதிவு அனுப்ப வேண்டும். ‘படித்தேன்’ என்று சொல்லக்கூடாது. எந்த இடத்தில் நின்றோம், எது புரியவில்லை என்று சொல்ல வேண்டும். படிக்கவில்லையென்றால் ‘இன்று இல்லை’ என்று சொன்னால் போதும்.

குழுவில் பொறியியல் படிக்கும் தம்பிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இதுவரை ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவான். இப்போது ஒலிப்பதிவைக் கேட்டபடி ஆங்கிலத்தில் கண்ணோட்டுகிறான். இயேசுவைப் பிடிக்கிற இரவில், போர்த்தியிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போகிறானே ஓர் வாலிபன், அவன் யார் என்று இரவு பதினொரு மணிக்கு அவனிடமிருந்து ஒரு பதிவு. எத்தனையோ முறை மாற்கு கேட்டிருக்கிறேன். அந்த வாலிபனை நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது சத்தமாக வாசிக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளில், ரதத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டு போகிற எத்தியோப்பிய மந்திரி ஒருவர் வருகிறார். அவர் வாசிப்பது காதில் விழுவதால்தான் பிலிப்பு ஓடிப்போய்ப் புரிகிறதா என்று கேட்கிறார். வழிகாட்ட ஆளில்லாமல் எப்படிப் புரியும் என்கிறார் மந்திரி. மனத்துக்குள்ளேயே வாசித்திருந்தால் அந்த உரையாடலே நடந்திருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ‘சீஷன்’ என்று அங்கிள் பழைய மொழிபெயர்ப்பை வாசிக்க, “சீஷன்னா யாரு அங்கிள்?” என்று தம்பி கேட்க, “சீடன்தாம்பா” என்று அங்கிள் சொல்ல, அதிலேயே பத்து நிமிடம் போகும்.

மாற்குவுக்குப் பிறகு சங்கீதம். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை 88ஆம் சங்கீதத்தை வாசித்தோம். முந்தின ஆண்டு கணவரை இழந்த ஆன்ட்டி ஒருவர் எங்களோடு வருகிறார். வருவார், கேட்பார், உணவுப் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டுப் போவார். பேசமாட்டார். அன்று வாசிப்பு அவர் முறை. நிறுத்தி நிறுத்தி முடித்தவர், பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா? கடைசியில ஆறுதல் ஒண்ணுமே வரலியே” என்றார்.

உண்மைதான். துயரச் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாமல் இருளிலேயே முடிகிறது.

“ஆண்டவர்கிட்ட இப்படியும் பேசலாமா?” என்று கேட்டார்.

எனக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. நல்ல பதில்தான். சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்டி, கணவர் மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பதினொன்றரை வரை பேசினார். அன்று பாத்திரங்களைத் தம்பி கழுவினான்.

பழைய திட்டப்படி போயிருந்தால் அந்தச் சங்கீதத்தை மற்ற இரண்டு அதிகாரங்களோடு சேர்த்து ஒரு கட்டைவிரலில் கடந்திருப்போம்.

உங்கள் வீட்டில் வாசிப்பது திருக்குறளாக இருக்கலாம், தேவாரமாக இருக்கலாம், குர்ஆனாக இருக்கலாம். கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் செய்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். உண்மையைச் சொல்லக்கூடிய ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ரயிலில் தூங்கிப்போனேன். தாதி அக்காதான் என் துணை. ‘இன்று இல்லை’ என்று அனுப்பினேன். அவருடைய பதில் இரவு வேலைக்கு நடுவில் வந்தது: “பரவாயில்லமா. நானும் இன்னும் கோப்பி குடிக்கல.”